திருநின்றவூர் மனக்கோயிலும் பூந்தமல்லி ஆலவட்டமும்

எங்கள் மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வந்து மேற்கே போகும் மின்சார ரயிலில் ஏறினால் ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டித் திருநின்றவூர் வரும். அதே மேனாம்பேட்டிலிருந்து பஸ் பிடித்து வானகரத்தில் நெடுஞ்சாலையைத் தொட்டு, வேலப்பன்சாவடி வழியாகப் போனால் பூந்தமல்லி. முன்னது பூசலார் நாயனாரின் ஊர். பின்னது திருக்கச்சி நம்பிகளின் ஊர். பூசலார் பல்லவர் காலத்துச் சைவர். ஒரு செங்கல்லைக்கூடக் கையால் தொடாமல் சிவனுக்குக் கோயில் கட்டியவர். நம்பிகள் 11ஆம் நூற்றாண்டு வைணவர். காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் என்னும் விசிறியை வீசுவதையே வாழ்வாகக் கொண்டவர். சைவ மேடையில் முன்னவரைப் பற்றியும் வைணவ மேடையில் பின்னவரைப் பற்றியும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேசுவது அரிதாகத்தான் நடக்கிறது.

அப்படி உட்காரவைக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. ஆன்மிக வளர்ச்சியில் உழைப்புக்கு என்ன இடம் என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் வெறும் தத்துவக் கேள்வி இல்லை. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இங்கே மூன்று தலைமுறையாக உழைப்பு என்றால் ஷிஃப்ட், ஓ.டி., பீஸ் ரேட். லேத்தில் இத்தனை உருப்படி கடைந்தால் இத்தனை ரூபாய். உழைத்ததற்கு உரிய கூலி வந்தாக வேண்டும் என்று போராடிப் பெற்ற ஜனங்கள் நாங்கள். அது நியாயமான கணக்கு. அதே கணக்கு கோயில் வாசலுக்கும் எங்களோடு வந்துவிடுகிறது. இத்தனை வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டேன், இத்தனை பௌர்ணமிக்கு மலை சுற்றினேன், இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே என்று ஒரு தரப்பு மனம் நோகிறது. இன்னொரு தரப்பு, இதெல்லாம் எதற்கு, மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறது. முதல் தரப்பு நம்பிகளைத் துணைக்கு அழைக்கும். இரண்டாம் தரப்பு பூசலாரை அழைக்கும். அவர்களின் கதைகளை நிதானமாகப் படித்தால் இருவரும் அந்தந்தத் தரப்புக்குச் சாட்சி சொல்ல மறுக்கிறார்கள் என்பதுதான் நான் கண்டது.

பூசலாரின் வரலாற்றை விரிவாகச் சொன்னவர் சேக்கிழார். அவரும் நம் பக்கத்துக்காரர், குன்றத்தூர்க்காரர். 12ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசில் உயர்ந்த பதவியில் இருந்தவர். குன்றத்தூரில் திருநாகேஸ்வரம் கோயிலைக் கல்லிலேயே எழுப்பியவர் என்று மரபு அவரைச் சொல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு பெரியபுராணத்தின் அந்தச் சிறு பகுதியைப் படிக்க வேண்டும். கோயில் கட்டினால் என்னென்ன பாடு என்பது தெரிந்த ஒருவர், கல்லே இல்லாத கோயிலைப் பாடுகிறார்.

பூசலார் எடுத்த எடுப்பிலேயே மனத்துக்குள் போய்விடவில்லை. அதற்கு முன்பே சிவனடியாருக்குத் தேடித் தேடிக் கொடுத்தவர் அவர். சிவனுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்ற ஆசை வந்ததும் முதலில் வெளியே அலைந்தார். பொருளைத் தேடி வருந்தினார். எங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன செய்வேன் என்று நைந்துபோனார். சேக்கிழார் இந்தத் தோல்வியை மறைக்காமல் சொல்கிறார். மனக்கோயில் பிறந்தது இந்த நைவிலிருந்து. வெளி முயற்சியைத் தட்டிக் கழிக்க அவர் கண்டுபிடித்த குறுக்கு வழி அது இல்லை. வெளி முயற்சி முழுவதும் தீர்ந்துபோன இடத்தில் நின்று, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தேடியவருக்குக் கிடைத்த ஒரே நிலம் அது.

அதற்குப் பிறகு வருவதுதான் என்னைப் பெரிதும் ஆட்கொள்ளும் பகுதி. கற்பனையில் பணம் சேர்ப்பதென்றால் ஒரே மூச்சில் ஒரு மலை பொன்னைக் கொட்டிக்கொள்ளலாமே. யார் தடுக்கப்போகிறார்கள்? பூசலார் அப்படிச் செய்யவில்லை. தினையளவிலிருந்து தொடங்கிச் சிறுகச் சிறுகத் திரட்டினார் என்கிறார் சேக்கிழார். பிறகு தேவையான சாதனங்களைத் தேடினார். தச்சர்களைத் தேடினார். நல்ல நாள் பார்த்தார். ஆகமப்படி அடிநிலை இட்டார். இரவிலும் கண்மூடாமல் வேலையை நடத்தினார். உபானம் முதலான படைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பி, சிகரத்தை முழக்கணக்கில் அளந்து அமைத்தார். தூபி நட்டார். சுதை வேலை செய்தார். கிணறு எடுத்தார், மதில் வளைத்தார், குளம் தோண்டினார். இதற்கெல்லாம் வெகுநாள் ஆயிற்று.

கற்பனை என்பது எல்லாத் தடையும் நீங்கிய இடம் என்று நாம் நினைக்கிறோம். அந்த இடத்துக்குள் பூசலார் வெளியுலகத்தின் எல்லாத் தடைகளையும் தாமாகவே கூட்டிக்கொண்டு போகிறார். நாளும் அளவும் முறையும் தூக்கமின்மையும் அங்கேயும் உண்டு. குளம்கூடத் தோண்டித்தான் ஆக வேண்டும். மனக்கோயில் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவர் தெரிகிறார். சேக்கிழாருக்குத் தெரிந்தவர் ஒரு ஸ்தபதி. செலவில்லாத கோயில் என்று இதைச் சொல்வது தவறு. காசு மட்டும்தான் செலவாகவில்லை.

அதே சமயம் காஞ்சியில் காடவர் கோமான் என்ற பல்லவ மன்னன் ஒரு கற்றளியை எழுப்பி முடித்திருந்தான். பூசலார் குறித்த அதே நாளில் அவனும் குடமுழுக்குக்கு நாள் வைத்திருந்தான். சிவன் கனவில் வந்து, நின்றவூர்ப் பூசல் கட்டிய ஆலயத்துக்கு நாளை போகிறோம், உன் நாளை ஒத்திப்போடு என்றார். இந்த அரசனை இராசசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் என்றும், கற்றளியைக் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் என்றும் ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். காலம் கி.பி. 700ஐ ஒட்டியது. அந்தக் கோயிலின் கல்வெட்டு ஒன்று, கலியுகத்திலும் அசரீரி வாக்கைக் கேட்டவன் என்று அரசனைப் புகழ்கிறது. பூசலார் பெயர் அதில் இல்லை. ஆனாலும் கல்லில் ஒரு குரல், புராணத்தில் ஒரு கனவு என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில் அரசனைத் தாழ்த்திப் பேசுவது சொற்பொழிவாளர்களின் வழக்கம். பணத் திமிரில் கட்டியவன், சிவன் அவனை ஒதுக்கினார் என்பார்கள். அது சரியில்லை. கைலாசநாதர் கோயிலைச் சுற்றி வந்தவர்களுக்குத் தெரியும், பிராகாரத்தை ஒட்டி 58 சிறு சந்நிதிகள், மணற்கல்லில் செதுக்கிய சிற்பம் சிற்பமாக. எத்தனையோ பேர் உழைப்பு அது. சிவன் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, பிறகு வைத்துக்கொள் என்றுதான் சொன்னார். அரசனும் கோபப்படவில்லை. திருநின்றவூருக்கே வந்து கோயில் எங்கே என்று கேட்டான். ஊராருக்குத் தெரியவில்லை. பூசலாரைத் தேடிப் போய்க் கேட்டு, நடந்ததை அவர் வாயால் அறிந்து, தரையில் விழுந்து வணங்கித் திரும்பினான். கல்லும் மனமும் மோதிக்கொள்ளாத கதை இது. உழைப்பின் இரண்டு உருவங்கள் சந்தித்து ஒன்றையொன்று மதித்த கதை.

இன்று திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. இதயநோய் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். ஐப்பசி அனுஷத்தில் பூசலார் குருபூஜை.

இனிப் பூந்தமல்லி. திருக்கச்சி நம்பிகள் அங்கே 1009இல், மாசி மிருகசீரிடத்தில் வணிகர் குலத்தில் பிறந்தார் என்பது வைணவ மரபு. வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் சீடர். பூந்தோட்டம் வைத்துப் பூப்பறித்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனார் என்பது தலக்கதை. பிறகு ஆலவட்டக் கைங்கரியம் அவருடையதாயிற்று. அது வந்த விதத்தைப் பெரியவர்கள் அழகாகச் சொல்வார்கள். முதலில் அரங்கனுக்கு வீசப் போனாராம். இங்கே காவிரிக் காற்றே போதும் என்றாராம் அரங்கன். திருமலைக்குப் போனாராம். மலைக் குளிரே தாங்கவில்லை என்றாராம் வேங்கடவன். பிரமனின் யாகத் தீயில் தோன்றிய காஞ்சி வரதருக்குத்தான் அந்த வெக்கை இருந்தது, அவர் வீசச் சொன்னார். கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் தனக்குப் பிடித்த இடத்தில் செய்வதையும் வேண்டியிருக்கும் இடத்தில் செய்வதையும் இந்தக் கதை எவ்வளவு லேசாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது! தொண்டு செய்ய நினைப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இங்கே வெக்கை இருக்கிறதா என்பதைத்தான்.

விசிறுவது எவ்வளவு விசித்திரமான வேலை என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கோயில் கட்டினால் கோயில் நிற்கும். மாலை கட்டினால் மாலையாவது அன்றைக்கு இருக்கும். விசிறினால் எதுவும் மிஞ்சுவதில்லை. கை நின்ற அடுத்த கணம் காற்றும் நின்றுவிடும். நேற்று வீசியது இன்றைக்கு ஆகாது. இதை முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாள் வராது. பூசலாரின் உழைப்புக்குக் குடமுழுக்கு என்ற முடிவு நாள் இருந்தது. நம்பிகளின் உழைப்புக்கு அது கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்கையில் எனக்கு முதலில் தட்டுப்பட்ட வேற்றுமை இதுதான். பூசலார் வளர்த்துக்கொண்டே போனார். நம்பிகள் திரும்பத் திரும்பத் தொடங்கினார்.

அந்தத் தொண்டில் மகிழ்ந்து வரதர் நம்பிகளோடு நேரில் பேசினார் என்கிறது மரபு. பேசும் தெய்வத்தின் பக்கத்தில் நின்றவர் ஒரு நாள் தமக்கு மோட்சம் உண்டா என்று கேட்டார். கிடைத்த பதில் வைணவ வீடுகளில் இன்றும் சொல்லப்படுவது. நீ வீசினாய், அதற்கு நாம் பேசினோம், இரண்டும் சரியாகிவிட்டது என்பது அதன் சாரம். மோட்சத்துக்கு ஓர் ஆசாரியரின் தொடர்பு வேண்டும், வீசியதைக் காட்டி அதைக் கேட்க முடியாது.

இந்தப் பதிலை முதலில் கேட்டபோது எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. வாழ்நாளெல்லாம் உழைத்தவரிடம் இப்படியா கணக்குத் தீர்ப்பது? தொழிற்பேட்டையில் எந்த முதலாளியாவது இப்படிச் சொன்னால் வாசலில் கொடி ஏறிவிடும். ஆனால் நம்பிகளின் கேள்வியைத் திரும்பப் பார்க்க வேண்டும். வீசியதை ஒரு வழியாகவும் மோட்சத்தை அதன் பலனாகவும் வைத்தால் உடனே அது கூலிக் கணக்காகிவிடுகிறது. கூலிக் கணக்கு என்று வந்துவிட்டால் கூலியும் கொடுத்தாயிற்று, தெய்வமே பேசியதைவிடப் பெரிய கூலி எது? வைணவத்தில் கைங்கரியம் என்பதே அடைய வேண்டிய பேறு. வைகுந்தத்தில் போய்ச் செய்ய ஆசைப்படுவதும் அதைத்தான். கையில் இருக்கும் பேற்றைக் கொடுத்து வேறு எதை வாங்குவது?

பின்னாளில் ராமானுஜர் தம் ஐயங்களைத் தீர்க்க வரதரிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பிகளைத்தான் நாடினார். நம்பிகள் கொண்டுவந்த ஆறு வார்த்தைகள் புகழ்பெற்றவை. நாமே பரம்பொருள், வேற்றுமை மெய், சரணாகதியே உபாயம், அந்திம நினைவு கட்டாயமில்லை, உடல் விழும்போது மோட்சம், பெரிய நம்பியை (இவர் வேறொருவர்) ஆசாரியராகக் கொள்க. இதில் நான்காவதைப் பார்க்க வேண்டும். சாகும் நேரத்தில் இறைவனை நினைக்கும் முயற்சிகூட நிபந்தனையில்லை என்கிறது அது. முயற்சிக்கு விலையில்லை என்ற செய்தியைச் சுமந்து வருவதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர் நாளெல்லாம் கை ஓய முயன்றவர். வரதர் இதை வேலை செய்யாத ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தால் ராமானுஜர் நம்பியிருப்பாரா? பரம்பரை இன்றும் நம்பிகளை ஆலவட்டத்தோடுதான் நினைக்கிறது.

இதே கேள்வி 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பிள்ளை லோகாசாரியர், வேதாந்த தேசிகர் காலத்தில் பெரிய விவாதமாகி, தாய்ப்பூனை தானே கவ்விச் செல்லும் குட்டியா, தாயை இறுகப் பற்றும் குரங்குக் குட்டியா என்று இரண்டு உவமைகளாக இறுகியது. இரண்டு தரப்பும் தங்களுக்கு முன்னவராக மதிக்கும் நம்பிகளின் வாழ்க்கையில் அந்தப் பிளவு இல்லை. அவர் பற்றியும் இருந்தார், பற்றியதற்கு உரிமை கோர முடியாது என்பதையும் தெரிந்திருந்தார்.

இப்போது இருவரும் சேரும் இடம். பூசலாரின் கோயிலை ஊரார் பார்க்கவில்லை. நம்பிகள் வீசிய காற்றை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஆனாலும் இருவரையும் தேடிக்கொண்டு தங்களைவிடப் பெரிய இடத்திலிருந்து ஆள் வந்தது. ஒருவரிடம் பல்லவ மன்னன், இன்னொருவரிடம் ராமானுஜர். மன்னனிடம் கல்லும் படையும் இருந்தன. ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்து அவரையே மறுத்துப் பேசியவர். பொருளும் கல்வியும் தாமாக வந்து உழைப்பின் முன்னால் குனிந்தன. நம்பிகள் விஷயத்தில் அந்தக் குனிதல் இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே சாதி குறுக்கே நின்றது. ராமானுஜர் நம்பிகளை வீட்டுக்கு அழைத்து, அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண விரும்பினார். ராமானுஜர் வீடு திரும்புவதற்குள் அவர் மனைவி தஞ்சமாம்பாள் நம்பிகளுக்குப் பரிமாறி அனுப்பிவிட்டு, இடத்தையும் கழுவிக் குளித்து, புதிதாகச் சமைக்கத் தொடங்கிவிட்டாள். ராமானுஜர் மனம் உடைந்தார். தொண்டின் உயர்வை ஏற்கும் இடத்திலும் பிறப்பின் கணக்கு எவ்வளவு பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது என்பதைக் குருபரம்பரைக் கதைகள் மூடி மறைக்காமல் வைத்திருப்பதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். பூசலார் அந்தணர், அவருக்கு இந்தக் காயம் நேரவில்லை. ஒப்பிடும்போது இந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

பிரியும் இடம் இதைவிட முக்கியமானது. பூசலாருக்கு வழிகாட்டிய குரு யார் என்று புராணம் சொல்லவில்லை. ஆகமம் தெரிந்தவர், தனியாக உட்கார்ந்தார், தனியாக முடித்தார். நம்பிகளுக்கோ தெய்வமே பேச்சுத் துணை, அப்படியிருந்தும் ஆசாரியர் வேண்டும் என்று சொல்லப்பட்டது. சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி வைக்கும். கோயிலைப் பெருக்குவதும் பூப்பறிப்பதும் விளக்கேற்றுவதும் முதல் படி, உழவாரம் ஏந்திய அப்பர் அதன் அடையாளம். பூசலாரின் வேலை மேல்படிகளைச் சேர்ந்தது. வைணவ நம்பிகளைச் சைவப் படியில் ஏற்றுவது முறையில்லை என்றாலும், அவருடைய தோட்டமும் விசிறியும் கைகால் அசையும் சரியைக்கு மிக அருகில் இருப்பவை.

எங்களைப் போன்ற சாதாரண மனிதர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், நான் பூந்தமல்லியின் பக்கம் நிற்பேன். பூசலார் குறைந்தவர் என்பதால் இல்லை, அவர் எட்டிய இடம் மிக உயரம் என்பதால். உள்ளே நடக்கும் உழைப்பைச் சரிபார்க்க ஆளில்லை. ஒரு நாள் அடிநிலையைப் பாதியில் விட்டால் யாருக்குத் தெரியும்? முழக்கணக்கு தவறினால் யார் கேட்பார்கள்? தினையளவிலிருந்து சேர்க்கும் நேர்மை இல்லாதவருக்கு மனக்கோயில் ஒரே மதியத்தில் முடிந்துவிடும், நிம்மதியாகத் தூக்கமும் வரும். மனசு போதும் என்று சொல்கிற நம்மில் எத்தனை பேர் அந்த மனத்துக்குள் ஒரு குளம் தோண்டியிருக்கிறோம்?

நம்பிகள் இதை அறிந்திருந்தார் என்பதற்கு அவர் ராமானுஜரை நடத்திய விதமே ஆதாரம். யாதவப்பிரகாசரை விட்டு வெளியே வந்து, இனி என்ன செய்வது என்று நின்ற அந்த இளம் அறிஞருக்கு அவர் முதலில் கொடுத்தது ஒரு நூலோ மந்திரமோ இல்லை. செவிலிமேட்டுச் சாலைக்கிணற்றிலிருந்து வரதருக்குத் தினமும் தண்ணீர் சுமந்து வரச் சொன்னார். உபநிடதத்துக்குப் பொருள் சொல்லும் தலையில் ஒரு குடம் ஏறியது. பூசலார் கட்டி முடித்தது மெய்தான் என்று சொல்ல சிவனே ஓர் அரசனின் கனவில் வர வேண்டியிருந்தது. அதுவரை பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது. சாலைக்கிணற்றுத் தண்ணீர் வரதர் சந்நிதிக்கு வந்து சேர்ந்ததா இல்லையா என்பது அன்றன்றைக்கே தெரிந்துவிடும், சுமந்தவருக்கும்.